புய்யபேஸ் அவ்வளவு காசுக்குத் தகுமா?

கேள்வி: பிரான்ஸின் மார்சேய் நகருக்குப் போகிறேன். அந்த ஊருக்கே உரிய சாப்பாடு, குடிப்பு என்னென்ன? எல்லோரும் சொல்லும் புய்யபேஸ் என்ற மீன் சாப்பாடு அவ்வளவு விலைக்குத் தகுமா?

வேலைக்காக இரண்டு வருடம் அங்கே இருந்தேன். போன முதல் வாரமே புய்யபேஸில் ஏமாந்தவன், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழைய துறைமுகத்தை ஒட்டி வரிசையாக உணவகங்கள் இருக்கும். ஒன்றின் வாசலில் 25 யூரோ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஒரே கிண்ணத்தில் ஆரஞ்சு நிறக் குழம்பு, அதற்குள் மூன்று துண்டு மீன், மேலே அலங்காரத்துக்கு நாலு சிப்பி. மறுநாள் அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். "முந்தின நாளே சொல்லி வைத்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் நீ சாப்பிட்டது மீன் சூப்."

அவர் சொன்னது சரிதான். புய்யபேஸ் என்ற பேரிலேயே செய்முறை இருக்கிறது: மார்சேய் இருக்கும் புரோவான்ஸ் வட்டாரத்தின் மொழியில் 'கொதிக்கவிடு, தணி' என்று இரண்டு சொற்கள் சேர்ந்தது. விலைபோகாத, முள் நிறைந்த பாறை மீன்களை மீனவர்கள் கொதிக்கவைத்துக் குடித்ததுதான் இதன் ஆரம்பம். விரல் நீளப் பொடி மீன்களை வெங்காயம், தக்காளி, பூண்டு, பெருஞ்சீரகச் செடி, ஆலிவ் எண்ணெயோடு வேகவைத்து, முள்ளும் தலையுமாக மசித்து வடிகட்டுவார்கள். குங்குமப்பூ சேர்ந்த அந்தச் சாற்றில்தான் பெரிய மீன்கள் வேகும். கெட்டிச் சதை மீன் முதலில் போகும், மென்மையானது கடைசியில். ராஸ்காஸ் என்ற விஷமுள் மீன் இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பார்க்கவே பயமாக இருக்கும், ருசி அதில்தான்.

சுற்றுலாக்காரர்களுக்கு எதையோ ஊற்றிக் கொடுப்பது அதிகமாகவே, 1980இல் சில உணவகக்காரர்கள் சேர்ந்து ஒரு சாசனமே எழுதினார்கள். குறிப்பிட்ட மீன் பட்டியலில் குறைந்தது நாலு வகையாவது இருக்க வேண்டும், சாறும் மீனும் தனித்தனியாக வர வேண்டும், மீனைச் சாப்பிடுபவர் கண்ணெதிரிலேயே வெட்ட வேண்டும். கூடவே ரூய் வரும். பூண்டு, மிளகாய், குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் சேர்ந்த துருநிறத் தொகையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு தேய்த்த ரொட்டித் துண்டில் அதைத் தடவி, சாற்றில் மிதக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். நல்ல இடத்தில் தலைக்கு 70 யூரோவுக்கு மேல் ஆகும், பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறைந்து செய்யமாட்டார்கள். ஒரு முறை சாப்பிடலாம். என்னைக் கேட்டால், அந்தச் சாற்றுக்கு மட்டும் தகும். மீன் பெரிதாக ஒன்றுமில்லை, நம் ஊர் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு உறைப்பும் புளிப்பும் தேடும்.

சரி, ஊர் தினமும் எதைத் தின்கிறது? எனக்குப் பிடித்தது பனீஸ். வெறும் கடலை மாவுதான்! தண்ணீர், உப்பு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெயோடு கட்டி தட்டாமல் களி கிண்டுகிற மாதிரி கிண்டி, உருளையாக ஆறவைத்து, வில்லை வில்லையாக அரிந்து பொரிப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மோர்க்களி பதம். ஊரின் வடக்கு ஓரத்தில் லெஸ்டாக் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது, பிரெஞ்சு ஓவியர் செசான் வந்து உட்கார்ந்து வரைந்த இடம். அங்கே கடலைப் பார்த்த பெட்டிக்கடைகளில் காகிதக் கூம்பில் போட்டு உப்பும் மிளகும் தூவித் தருவார்கள். சூடாகவே தின்றுவிடுங்கள், ஆறினால் ரப்பர். அதே கடையில் ஷிஷி ஃப்ரெஜி என்று சர்க்கரையில் புரட்டிய நீளமான பலகாரமும் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை என்றால் அயோலி. பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் அடித்துக் கெட்டியாக்கிய விழுது, பக்கத்தில் வேகவைத்த உப்புக்கருவாடு, உருளைக்கிழங்கு, காரட், முட்டை. மதியம் இதைச் சாப்பிட்டவர் பக்கத்தில் சாயந்திரம் வரை நிற்க முடியாது. குடல் கறி பிடிக்குமா? பியே பக்கே கேளுங்கள்: ஆட்டுக் குடலில் பொட்டலம் கட்டி, ஆட்டுக்காலோடு தக்காளியும் வெள்ளை ஒயினும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. எனக்குக் காரம்தான் போதவில்லை.

குடிப்பு என்றால் பஸ்தீஸ் என்ற சோம்பு வாசனை மதுதான். கடையில் அந்தப் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், "ஒரு மஞ்சள்" என்பார்கள். 1915இல் பிரான்ஸில் அப்சிந்த் மதுவைத் தடை செய்தபின் அந்த இடத்தைப் பிடித்தது இது. 1932இல் பால் ரிகார் என்ற மார்சேய்க்காரர் தன் பெயரிலேயே ஒன்றைக் கொண்டுவந்தார். மூக்கருகே கொண்டுபோனால் பிரியாணி வாசனை வரும், காரணம் அன்னாசிப்பூ. அதிமதுரமும் உண்டு. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் தெளிந்த மஞ்சள் பால் மாதிரி கலங்கும், சோம்பு வாசனைத் தைலம் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது என்பதால். ஐஸ் கடைசியில்தான். நான் முதலில் ஐஸைப் போட்டேன், கடைக்காரர் கிளாஸை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தார். பெரும்பாலும் 45 சதவீதம் ஆல்கஹால் உள்ள சரக்கு, ஜூஸ் மாதிரி இறங்கும், கவனம்.

அப்புறம், ஊருக்குக் கொண்டுவர நவெத் வாங்குங்கள். படகு வடிவில், ஆரஞ்சுப் பூ வாசனையில் ஒரு பிஸ்கட். சேன் விக்தோர் மடத்துக்குப் பக்கத்தில் 1781 முதல் இதைச் சுடும் அடுமனை இருக்கிறது. பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்கு அங்கே பெரிய வரிசை நிற்கும். கல் மாதிரி இருக்கும், ஆனால் கெடாது. என் பையின் அடியில் ஒன்று ஏழு மாதம் கிடந்து சென்னையில் அகப்பட்டது. காபியில் முக்கினேன், பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.