பாதியில் அறுந்து வரும் செய்தி

கேள்வி: சர்வர் அனுப்பும் தமிழ்ச் செய்தி சில நேரம் பாதிதான் வருகிறது, சில நேரம் இரண்டு ஒட்டி வருகின்றன. ஏன்?
– வாசகி, தரமணி, சென்னை

பதில்: டிசிபி (கணினிகளுக்கு இடையே தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) பைட்டுகளை வரிசை மாறாமல் தரும், ஆனால் செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. தரவைப் பெறும் ரிசீவ் அழைப்பில் நீங்கள் கொடுக்கும் 1024 போன்ற எண் உச்சவரம்பு மட்டுமே. 300 பைட் வந்திருந்தால் 300தான் கிடைக்கும்.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள். பெறும்போது முதலில் அந்த 4 பைட்டும் சேரும்வரை லூப்பில் படியுங்கள் (அதுவும் துண்டாக வரலாம், பலர் இதைத்தான் மறக்கிறார்கள்). பிறகு மீதி எவ்வளவோ அதை மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 0 பைட் வந்தால் மறுமுனை மூடிவிட்டது; உடனே லூப்பை விட்டு வெளியேறுங்கள், இல்லாவிட்டால் முடிவின்றிச் சுற்றும்.

நீளம் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ‘மி’ 6 பைட். முழுதும் சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்றுங்கள்.