ஈஸ்ட் செல்லில் ரைபோசோமின் சிறு துணையலகு எப்படி உருவாகிறது? கட்டி முடிப்பதற்கு முன்பே அது வேலையில் இறங்கிவிடாதா?

என் முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் போனது. அதனால் முதல் பாதியை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். ரைபோசோம் என்பது செல்லில் புரதம் செய்கிற இயந்திரம்; சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு துணையலகுகள் சேர்ந்தது.

ரொட்டி மாவில் போடுகிற அதே ஈஸ்ட்தான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. நன்றாக வளரும் ஒரு செல்லில் ஏறக்குறைய 2 லட்சம் ரைபோசோம்கள் இருக்கும். செல் இரண்டாகப் பிரிய 100 நிமிடம் ஆகிறது என்றால், அதற்குள் இன்னொரு 2 லட்சம் வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 2,000. ஜொனாதன் வார்னர் 1999இல் போட்டுக் காட்டிய கணக்கு இது. முதன்முறை படித்தபோது, பிழையாக அச்சாகியிருக்குமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதிர்ந்த சிறு துணையலகில், அதாவது 40எஸ்ஸில், இருப்பவை 1,800 நியூக்ளியோடைடு நீளமுள்ள 18எஸ் ஆர்என்ஏவும் 33 புரதங்களும் மட்டுமே. (எஸ் என்பது சுழற்றும்போது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதன் அளவு; நியூக்ளியோடைடு என்பது ஆர்என்ஏ இழையின் ஒரு கண்ணி.) ஆனால் 18எஸ் தனியாகப் பிறப்பதில்லை. 12ஆம் குரோமோசோமில் சுமார் 150 பிரதிகளாக அடுத்தடுத்து நிற்கும் மரபணுவிலிருந்து 35எஸ் என்ற நீண்ட இழை, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலசில் படியெடுக்கப்படுகிறது. பெரிய துணையலகுக்கான மூன்று ஆர்என்ஏக்களில் இரண்டும் அதே இழையில்தான் இருக்கின்றன. இழை முழுதாக வெளிவருவதற்குள்ளேயே யூ3 என்ற சிறிய ஆர்என்ஏவும் பல பத்துப் புரதங்களும் அதன் முன்பகுதியைச் சூழ்ந்துகொள்கின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. 18எஸ்ஸின் தொலைவான இரண்டு பகுதிகள் ஒன்றுசேர்ந்து நடுவில் ஒரு முடிச்சு விழ வேண்டும். அது அவசரப்பட்டு விழாதபடி யூ3 ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. வேளை வந்ததும் டிஎச்ஆர்1 என்ற ஹெலிகேஸ், அதாவது ஒட்டிய இழைகளைப் பிரிக்கும் நொதி, யூ3யைப் பிரித்தெடுக்கிறது. இதையொட்டி மூன்று இடங்களில் வெட்டு விழுந்து, மிஞ்சுவது 20எஸ். அது உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்துக்கு வருகிறது.

20எஸ் என்பது வேறொன்றுமில்லை, 209 நியூக்ளியோடைடு நீள வால் ஒட்டியிருக்கும் 18எஸ். அந்த வாலை வெட்டுவது நாப்1 என்ற நொதி. அந்த வெட்டு விழுந்தால்தான் சிறு துணையலகு முதிர்ந்ததாகக் கணக்கு.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சைட்டோபிளாசத்தில் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் தொடக்கக் காரணிகள், பெரிய துணையலகுகள் எல்லாம் பக்கத்திலேயே நிற்கின்றன. வாலோடு வந்த துணையலகை அவை பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? பிடிக்க முடிவதில்லை. காரணம், கூடவே வந்த ஏழு கட்டமைப்புக் காரணிகள், அதாவது துணையலகைக் கட்ட உதவும் புரதங்கள். ஆறை மட்டும் சொல்கிறேன். ரியோ2, புரதத்தின் முதல் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் தொடக்க டிஆர்என்ஏ உட்கார வேண்டிய இடத்தை அடைத்திருக்கிறது. டிஎஸ்ஆர்1 பெரிய துணையலகு வந்து சேராமல் தடுக்கிறது. ஈஎன்பி1, எல்டிவி1 இரண்டும் எம்ஆர்என்ஏ நுழையும் வாய் திறக்காதபடி பார்த்துக்கொள்கின்றன. நாப்1, பினோ1 இருக்கும் பக்கத்தில் இன்னொரு தொடக்கக் காரணி வந்து ஒட்ட முடியாது. மூலக்கூறுகளை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் 2011இல் இது தெரிந்தபோது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூட்டு தொங்குவதை நேரில் பார்த்தது போலிருந்தது. கட்டி முடிக்காத துணையலகு திறமையில்லாமல் சும்மா இருப்பதில்லை, அதை வேலை செய்ய விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்!

அடுத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது. எச்ஆர்ஆர்25 என்ற கைனேஸ் எல்டிவி1 மீது பாஸ்பேட் ஏற்றி அதைக் கழற்றுகிறது. அதன் பிறகு, வால் இன்னும் வெட்டப்படாத நிலையிலேயே, நிஜமான ஒரு பெரிய துணையலகு வந்து இதோடு இணைகிறது. இணைத்து வைப்பது இஐஎஃப்5பி, நிஜப் புரத உற்பத்தியின் தொடக்கத்தில் இதே வேலையைச் செய்கிற அதே காரணி. ஆனால் எம்ஆர்என்ஏவும் கிடையாது, தொடக்க டிஆர்என்ஏவும் கிடையாது. புதுத் தேருக்கு சுவாமியை ஏற்றாமல் வெள்ளோட்டம் விடுவார்களே, அதுதான் இது. இரண்டு உறுப்புகளும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கிற இடம் இதுதான் என்று கேத்ரின் கார்ப்ஸ்டைனின் குழுவும் டேவிட் டொலர்வியின் குழுவும் 2012இல் தனித்தனியே எழுதினார்கள்.

என் கையில் இது சிக்கிய விதத்தைச் சொல்கிறேன். ஃபேப்7 என்ற ஏடிபேஸ், அதாவது ஏடிபியை உடைத்து ஆற்றல் பெறும் நொதி, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரபணுவை கேலக்டோஸ் இருந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றிய ஈஸ்ட் அது. குளுக்கோஸ் ஊடகத்துக்கு மாற்றினால் ஃபேப்7 உற்பத்தி நின்றுவிடும். செல்களை உடைத்து, 10 முதல் 50 சதவீத சர்க்கரைக் கரைசலின் மேல் ஊற்றி, நிமிடத்துக்கு 40,000 சுற்றில் இரண்டு மணி நேரம் சுழற்றினேன். செல்கள் வளரத் திணறுகின்றன, எனவே முழு ரைபோசோமுக்கான 80எஸ் முகடு சரிந்திருக்கும் என்று நினைத்தேன். வரைபடத்தில் அது உயர்ந்து நின்றது. மாதிரிகளை மாற்றி வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டி, முழுவதையும் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே முகடு.

பிறகுதான் சுழற்றிய கரைசலை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஆர்என்ஏ பிரித்து, அந்த 209 நியூக்ளியோடைடு வாலில் மட்டும் ஒட்டும் கதிரியக்கத் துருவியைப் போட்டு ஃபிலிம் கழுவினேன். முடிக்காத துணையலகுகள் 40எஸ் குழாய்களில் இருக்க வேண்டும். கறுப்புப் பட்டை 80எஸ் குழாய்களில் பளிச்சென்று இருந்தது. வெள்ளோட்டம் தொடங்கிய தேர் நிலைக்குத் திரும்பாமல் தெருவிலேயே நின்றுபோயிருந்தது. இருட்டறையின் சிவப்பு விளக்கில் அந்த ஈர ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் இன்னும் நினைவிருக்கிறது.

வழக்கமாக, ஜோடி சேர்ந்ததை ஆர்எல்ஐ1, டிஓஎம்34 என்ற புரதங்கள் இரண்டும் மீண்டும் பிரிக்கின்றன. நாப்1 வாலை வெட்டுவது பிரிவதற்கு முன்பா பின்பா, ரியோ1 என்ற கைனேஸ் எந்தக் கட்டத்தில் அதைத் தூண்டுகிறது என்பதில் ஆய்வுக்கூடங்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரிய துணையலகு இல்லாமலே வெட்டு விழலாம் என்பவர்களின் சான்றுகளும் வலுவானவை.

ஈஸ்ட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆர்பிஎஸ்19 என்ற ரைபோசோம் புரதம் குறைந்தால் ஈஸ்ட்டில் சிறு துணையலகின் முதிர்ச்சி தடைபடும். அதே புரதத்தின் மரபணுவில் பழுதுள்ள குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாவதே குறைந்துபோகிறது. டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை என்ற அந்த நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது 1999இல். அந்தக் குழந்தைகளின் செல்களில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஈஸ்ட்டில் கற்றது நிறையவே உதவியிருக்கிறது.

நீங்கள் மாணவராக இருந்து இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், எக்ஸ்ஆர்என்1 மரபணு நீக்கிய ஈஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். வெட்டி எறியப்பட்ட வாலைச் செரிக்கும் நொதி அதில் இல்லை. அந்த 209 நியூக்ளியோடைடு துண்டு அப்படியே தேங்கி, ஜெல்லில் தனிப் பட்டையாகத் தெரியும்.