சி.டி. எடுத்தாயிற்று, பிறகும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கை கேட்கிறார்: அண்ணாவுக்கு முதன்முறையாக வலிப்பு, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று சந்தேகம், சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேட்கிறார்கள், வீண் செலவா?

வீண் இல்லை தங்கச்சி. பன்றி நாடாப்புழுவின் குடம்பி (இளம்புழு) மூளைக்குள் முதலில் நீர்ப்பையாக இருக்கும். அது சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீக்கம் வரும். பலருக்கு வலிப்பு தொடங்குவது அப்போதுதான். கடைசியில் சுருங்கிச் சுண்ணாம்புப் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளியைப் பிடிப்பதில் சி.டி.தான் கெட்டி. பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும், சில நிமிடத்தில் முடிந்தும் விடும். சாதாரண எம்.ஆர்.ஐ. அதைத் தவறவிடலாம்.

ஆனால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். பைக்குள் புழுவின் தலை சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. மூளையின் நீரறைக்குள் இருக்கும் பை சி.டி.யில் எளிதாக நழுவிவிடும். பைக்குள் இருக்கும் நீரும் வெளியில் இருக்கும் நீரும் ஒரே நிறம். இது சிகிச்சையையே மாற்றும்: வெறும் சுண்ணாம்புப் புள்ளிக்குப் புழு மருந்து தேவையில்லை, வலிப்பு மருந்து போதும். நீரறையில் பை என்றால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். சாகத் தொடங்கிய பை படத்தில் வளையமாகத் தெரியும்; காசநோய்க் கட்டியும் இதே மாதிரி வளையமாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

“நாங்கள் பன்றியே தொடுவதில்லையே” என்பீர்கள். சரி, ஆனால் மூளைக்குப் போவது இறைச்சியால் அல்ல; புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து கை, கீரை, தண்ணீர் வழியாக வரும் முட்டையால்.

போகும்போது பழைய சி.டி. படத்தைக் கையோடு கொண்டு போங்கள். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.