வாசகர் கேள்வி-பதில்: எழுதியதையே எழுதுகிறேன்

கேள்வி: இருப்பதை நினைத்து சந்தோஷப்படப் பழக வேண்டும் என்று தினமும் ராத்திரி ஒரு நோட்டில் ஐந்து விஷயம் எழுதுகிறேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது 'வீடு, பிள்ளைகள், ஆரோக்கியம்' என்று அதையேதான் எழுதுகிறேன், மனதில் ஒட்டவில்லை. விட்டுவிடலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: விட வேண்டாம், முறையை மாற்றுங்கள். முதலில், தினமும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாரத்தில் ஒரு நாள் உட்காருங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில், வாரம் ஒருமுறை, அதிகம் போனால் ஐந்து விஷயம் என்று 10 வாரம் எழுத வைத்தார்கள். பிறகு இன்னொரு உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு 6 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் மனசு இதற்கும் பழகிப்போகும்.

அடுத்தது, 'வீடு' என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் கண்முன் எதுவும் வராது. 'செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கடல்காற்று வந்தது' என்று எழுதுங்கள். ஐந்து வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: என்ன நடந்தது, அதில் யார் கை இருக்கிறது, அது வாய்க்காமலே போயிருந்தால் எப்படி இருக்கும்.

மூன்றாவது வரியில்தான் சத்து இருக்கிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வில், துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது. நம் வடசென்னைப் பக்கத்தில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்ட காலையை நினைத்துவிட்டு இன்று குழாயைத் திறந்து பாருங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வருவதற்கு முன், திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் போக பஸ்ஸில் நெரிசலில் நின்றதையும் எழுதலாம்.

இங்கே தவறுவது ஒரே இடத்தில்தான். 'வராமலே இருந்திருந்தால்' என்பது 'நாளைக்குப் போய்விட்டால்' என்று திரும்பினால் அது கவலை, அப்போதே நோட்டை மூடிவிடுங்கள். அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால் மூன்றாவது வரியே வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் சமையலைப் பாராட்ட ஆசை. 'நன்றி' சொன்னால் நாடகம் மாதிரி இருக்கிறது.
வாசகர், ராயபுரம்

பதில்: அந்த வார்த்தையே வேண்டாம். 'இன்னிக்கு மீன் குழம்புல புளி சரியா நின்னுச்சும்மா' என்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். கையோடு தட்டையும் கழுவி வையுங்கள்.

கேள்வி: எண்ணூர் வாசி நான். புகை, நாற்றம், 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய். இருப்பதை நினைத்துத் திருப்திப்படு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.
வாசகர், எண்ணூர்

பதில்: கேட்காதீர்கள். நல்லதைக் கவனிப்பது கெட்டதைப் பொறுத்துக்கொள்வதற்கான பயிற்சி இல்லை. நோட்டில் பின்பக்கத்திலிருந்து தனிப் பட்டியல் தொடங்குங்கள்: தேதி, நேரம், எந்தத் தெரு, எத்தனை மணி நேரம் நாற்றம், யாருக்கு இருமல். குப்பை, சாக்கடை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண்ணை அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். காற்று, ஆறு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரே வாசகத்தில் பத்துப் பேர் தனித்தனியாகக் கையெழுத்திட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.