சிறுவனின் முழங்கால் முறிவு: மாவுக்கட்டு போதுமா, ஆர்த்ரோஸ்கோபி வேண்டுமா?

கேள்வி: என் 10 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. டிபியல் ஸ்பைன் எலும்பு மூன்றாம் வகையாக முறிந்து விலகியிருப்பதால் ஆர்த்ரோஸ்கோபி அறுவை சிகிச்சை தேவை என்கிறார் மருத்துவர். மாவுக்கட்டு போதாதா? கால் வளர்ச்சி பாதிக்குமா?

பதில்: முழங்காலின் நடுவில் உள்ள ஏசிஎல் தசைநார், கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் டிபியல் ஸ்பைன் எனப்படும் ஒரு சிறு மேட்டையொட்டிப் பற்றியிருக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநாரைக் கிழிக்கும் அதே வகை அடி, 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த மேடு இன்னும் முழுதாக எலும்பாகி இறுகாத காரணத்தால், தசைநாரோடு எலும்பையே பெயர்த்துவிடுவதுண்டு.

விலகல் இல்லாத முதல் வகைக்கு மாவுக்கட்டு போதும். முன்பகுதி மட்டும் கீல் வைத்த மூடிபோலத் தூக்கி நிற்கும் இரண்டாம் வகையில், மூட்டில் தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்து, காலை நீட்டிக் கட்டுப்போட்டுப் பார்க்கலாம்; மறு எக்ஸ்ரேயில் துண்டு படிந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவையில்லை. உங்கள் மகனுக்கு உள்ள மூன்றாம் வகையிலோ துண்டு முழுதாகப் பெயர்ந்துவிட்டது. இந்நிலையில் மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பின் முன்நுனியோ, இரு மெனிஸ்கஸ்களையும் இணைக்கும் நாரோ துண்டுக்கு அடியில் சிக்கிக்கொள்வது அடிக்கடி காணப்படுகிறது. அதை வெளியிலிருந்து எந்த மாவுக்கட்டாலும் விலக்க முடியாது. ஆகவே உங்கள் மருத்துவரின் பரிந்துரை நியாயமானதே.

ஆர்த்ரோஸ்கோபி அறுவை சிகிச்சையில் சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் நுழைகின்றன. உறைந்த இரத்தத்தைக் கழுவி அகற்றி, சிக்கிய மெனிஸ்கஸைச் சிறு கொக்கியால் இழுத்து விலக்கிய பின்னரே துண்டு தன் குழியில் சரியாக அமரும். பிறகு அதை உறுதியான தையல் இழையாலோ சிறு திருகாணியாலோ பிணைப்பார்கள். மூட்டைத் திறந்து செய்தாலும் எலும்பு சேரும் என்றாலும், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால் கண்டு தைக்கவும், காயத்தைச் சிறிதாக வைக்கவும் ஆர்த்ரோஸ்கோபி வசதியானது.

எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இந்த மேட்டுக்குக் கீழே இருக்கிறது. திருகாணியை அதைத் தாண்டாத அளவுக்குக் குட்டையாகத் தேர்ந்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே பொருத்துவார்கள். தையல் இழைக்கான மெல்லிய துளை சில முறைகளில் தட்டைக் கடந்தாலும் வளர்ச்சிக் கோளாறு அரிதே. ஆயினும் இந்த வயதில் வளர்ச்சி நிறைய மீதமிருப்பதால் காலின் நீளத்தையும் அது வளையாமல் நேராக இருக்கிறதா என்பதையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

உண்மையில் வளர்ச்சியைவிட எனக்குக் கவலை தருவது மூட்டு இறுக்கம். வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் உள்ளே வடுத்திசு படர்ந்து, முழங்கால் முழுதாக நீளவோ மடங்கவோ மறுக்கும். ஆகவே எந்த நாளில் அசைவுப் பயிற்சி தொடங்கும், எவ்வளவு மடக்கலாம் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டு வையுங்கள். பிணைப்பு உறுதியாக இருந்தால் சீக்கிரமே தொடங்குவது நல்லது. வீட்டில் வலுக்கட்டாயமாக மடக்க வேண்டாம். இறுகிவிட்ட மூட்டை, வடுத்திசுவை முதலில் ஆர்த்ரோஸ்கோபியில் விடுவிக்காமல் மயக்க மருந்து கொடுத்து வெறுமனே மடக்கினால், தொடை எலும்பின் கீழ்முனை வளர்ச்சித் தட்டே முறியக்கூடும்.

எலும்பு சேர்ந்த பிறகும் பரிசோதனையில் தசைநார் சற்றுத் தளர்வாகத் தெரியலாம்; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தொந்தரவு தருவதில்லை. விளையாட்டுக்குத் திரும்பச் சில மாதங்களாகும். தொடைத் தசையின் வலு மறு காலுக்கு இணையாகும்வரை பொறுத்திருங்கள். இடையில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, பாதம் மரத்தல் அல்லது குளிர்தல் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.