பாடகரின் வாழ்க்கைப் படம்: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

என் மகளுக்கு 11 வயது. கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகள் பிடித்துப்போய், 'பொஹீமியன் ராப்சடி' படம் பார்த்தே தீருவேன் என்கிறாள். காட்டலாமா?
– வாசகி, கோவை

காட்டலாம். ஆனால் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்த பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து. 2018-ல் வந்த இந்தப் படம் குவீனின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் கதை. அமெரிக்காவில் பி.ஜி.-13 (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசிக்க வேண்டும்), பிரிட்டனில் 12ஏ (12-க்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) சான்றிதழ். உங்கள் மகள் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் இருக்கிறாள்.

படத்தில் என்னென்ன இருக்கிறது? ஆண்கள் முத்தமிடும் காட்சிகள், குடி கரைபுரளும் பார்ட்டிகள், போதைப்பொருள் எடுப்பதற்கான தடயங்கள், கெட்ட வார்த்தைகள், இருமும்போது கைக்குட்டையில் ரத்தம். படுக்கையறைக் காட்சி எதுவும் வெளிப்படையாக இல்லை. தொடக்கத்தில், விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் ஃப்ரெடியைப் 'பாக்கி' (தெற்காசியரை இழிவுபடுத்தும் ஆங்கில வசவு) என்று ஒருவன் ஏளனம் செய்வான். பல பெற்றோர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம்தான் சுருக்கென்று தைக்கும். ஃப்ரெடி மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் 1946-ல் பிறந்த பார்சி. பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில். இதைப் படம் போடும் முன்பே சொல்லிவையுங்கள்.

இசைக் கலைஞர் படங்களில் எத்தனை கெட்ட காட்சி என்று எண்ணுவது அரை வேலைதான். அந்தக் காட்சிக்குப் பின்னால் என்ன பாட்டு ஓடுகிறது என்று பாருங்கள். ஃப்ரெடி இரவு விடுதிகளில் திரியும் சிவப்பு வெளிச்சக் காட்சிகளுக்கு மேல் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஓடும். காலை ஆட்டாமல் கேட்க முடியாத பாட்டு. வழி தவறுகிற கட்டம் வசனத்தில் வந்தால் பிள்ளைக்குப் புரியும். நல்ல தாளத்தில் வந்தால் அது கொண்டாட்டமாகவே மனதில் பதியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டும். பக்கத்தில் உட்காரச் சொல்வது அதற்குத்தான்.

யு/ஏ 13+ என்று போட்ட படத்துக்கு 10 வயதுப் பையனைக் கூட்டிப் போனால் தியேட்டரில் தடுப்பார்களா?
– வாசகர், திருநெல்வேலி

தடுக்க முடியாது. 2023 சட்டத் திருத்தத்தில் யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த வயது பெற்றோர் யோசித்துப் பார்க்கத் தரும் குறிப்பு மட்டுமே. 18 வயதுக்குக் கீழே உள்ளே விடக்கூடாது என்பது 'ஏ' படத்துக்குத்தான். ஓ.டி.டி.யில் வயதுக் குறியை அந்தந்தத் தளமே போட்டுக்கொள்கிறது. தியேட்டரில் வெட்டுப்பட்ட காட்சி அங்கே வெட்டாமலும் வரலாம். ஆகவே தியேட்டரில் பார்த்த தைரியத்தில் வீட்டில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

இரண்டேகால் மணி நேரப் படத்தை முன்கூட்டியே முழுக்கப் பார்க்க நேரமில்லை. குறுக்கு வழி உண்டா?
– வாசகி, சென்னை

உண்டு. பிரிட்டன் தணிக்கைக் குழுவின் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். வன்முறை, போதை, பாலியல், வசவு என்று தலைப்பு வாரியாக எழுதியிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். அடுத்து, ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பெற்றோர் வழிகாட்டிப் பகுதி. பார்வையாளர்கள் எழுதுவது என்பதால் சில சமயம் மிகைப்படுத்துவார்கள். காட்சியைத் தெரிந்துகொள்ள அதைப் படியுங்கள். முடிவை நீங்கள் எடுங்கள்.

பிறகு படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில், சப்டைட்டிலோடு ஓட்டுங்கள். 134 நிமிடப் படம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கும் நேரமில்லை என்றால் நடுப்பகுதியையாவது பாருங்கள். இந்த வகைப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சு: ஏழ்மை, புகழ், சறுக்கல், மீட்சி. சறுக்கல் பெரும்பாலும் பாதிப் படத்துக்குப் பிறகு வரும். சிக்கலான இடங்களின் நிமிடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த இடம் வந்ததும் ரிமோட்டில் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தள்ளும்போது திரையின் அடியில் சின்னச் சின்னப் படங்களாக அதே காட்சிதான் ஓடும். பிள்ளையின் கண் நேரே அங்கேதான் போகும். அதற்கு ஒரு நிமிடம் முன்பே நிறுத்தி, தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டுத் தள்ளுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் தள்ள வேண்டியிருந்தால் அந்தப் படம் இந்த வருடத்துக்கு இல்லை.

இன்னொன்று, தமிழ் டப்பிங்கில் வசவுகள் பெரும்பாலும் மென்மையாகிவிடும். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடினால் அசல் வார்த்தை எழுத்துக் கூட்டி வந்து நிற்கும். டப்பிங் போட்டால் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள்.

'ராக்கெட்மேன்' பாட்டும் ஆட்டமுமாகக் கலகலப்பாக இருக்கிறதே, 12 வயதுக்குப் பரவாயில்லையா?
– வாசகர், கோலாலம்பூர்

வேண்டாம். பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானைப் பற்றிய 2019 படம் அது. அமெரிக்காவில் ஆர் (17 வயதுக்குக் கீழே பெரியவர் துணை வேண்டும்), பிரிட்டனில் 15 (அந்த வயதுக்குக் கீழே கூடாது). பளபளக்கும் உடைகளை ட்ரெய்லரில் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவர் மாத்திரைகளை விழுங்கிவிட்டு நீச்சல் குளத்தில் விழும் காட்சி இருக்கிறது. தண்ணீருக்கடியில் அது அழகான பாட்டாகவே நகரும். 12 வயது மனதுக்கு அந்த அழகுதான் ஆபத்து.

இதைவிடவும் சிறு பிள்ளைகளை உலுக்குவது, அணைத்துக்கொள்ள மறுக்கும் அப்பா. அம்மா அப்பா சண்டை நடக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் போதைக் காட்சியைவிட இது பெரிது. வயதுச் சான்றிதழ் எதிலும் இது ஏறாது.

ஆனாலும் 16 வயதுக்கு மேல் என்றால், 'பொஹீமியன் ராப்சடி'யைவிட இதுதான் நேர்மையான படம் என்று சொல்வோம். போதை மீட்பு மையத்தின் கூட்டத்துக்குள் நாயகன் நுழைவதில்தான் கதை தொடங்குகிறது. செய்ததற்கான விலை முதல் காட்சியிலேயே முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வயலின் கற்கும் மகனுக்கு (13) 'அமேடியஸ்' காட்ட ஆசை. பழைய படம், பி.ஜி. என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

இசையமைப்பாளர் மொசார்ட்டையும் அவர்மீது பொறாமைப்படும் சக இசையமைப்பாளர் சாலியேரியையும் பற்றிய படம் இது. எந்தப் பிரதி என்று முதலில் பாருங்கள். 1984-ல் வெளியானது சுமார் 160 நிமிடம்; பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) அதற்குத்தான். 2002-ல் வந்த இயக்குநர் பிரதி சுமார் 180 நிமிடம்; மொசார்ட்டின் மனைவி சாலியேரி முன் ஆடை களையும் காட்சி அதில் உண்டு; சான்றிதழ் ஆர். இரண்டும் ஒரே பெயரில்தான் கிடைக்கும். அட்டைப் படத்தைப் பார்க்காமல் நிமிடக் கணக்கைப் பாருங்கள். இரண்டிலுமே தொடக்கத்தில் முதியவர் சாலியேரி கழுத்தை அறுத்துக்கொண்டு ரத்தத்தோடு கிடப்பார். சொல்லிவைத்தால் 13 வயது தாங்கும்.

பார்த்து முடித்ததும் ஒன்றைத் திருத்திவிடுங்கள்: மொசார்ட்டை சாலியேரி கொன்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை. மொசார்ட்டின் மகனுக்கே பின்னாளில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

'பொஹீமியன் ராப்சடி'யில் வருவதெல்லாம் நடந்ததா என்று என் 11 வயது மகள் கேட்கிறாள். எய்ட்ஸ் என்றால் என்ன என்றும் கேட்கிறாள். எப்படிச் சொல்வது?
– வாசகி, யாழ்ப்பாணம்

முதல் கேள்விக்கு: 'வீ வில் ராக் யூ' 1977 பாட்டு, படத்தில் 1980-ல் உருவாவதுபோல் காட்டுவார்கள். படத்தில் பிரிந்து சேர்வதுபோல் வந்தாலும், குழு ஒருபோதும் பிரியவில்லை. 1985-ல் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரிக்கு முன்பே ஃப்ரெடி தன் நோயை நண்பர்களிடம் சொல்வதும் படத்துக்காக முன்னே நகர்த்தியதுதான். நோய் உறுதியானது அதற்குப் பின்னர். 1991 நவம்பர் 23-ல் உலகுக்கு அறிவித்தார், மறுநாள் இறந்தார். எந்த மாற்றத்தை எதற்காகச் செய்திருப்பார்கள் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

இரண்டாவதுக்கு, கேட்ட அளவுக்கு மட்டும், தயங்காமல்: "எச்.ஐ.வி. என்கிற கிருமி உடம்பின் எதிர்ப்பு சக்தியை அழிக்கும். அது முற்றிய நிலைதான் எய்ட்ஸ். தொட்டாலோ, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ வராது. அன்றைக்குச் சரியான மருந்து இல்லை. இப்போது தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டு நீண்ட நாள் வாழ்கிறார்கள்." அவர் ஆண்களை நேசித்தாரா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். இதற்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டு, இது தண்டனை என்ற தொனி குரலில் வந்துவிடக் கூடாது.

அக்காவோடு சேர்ந்து 'பொஹீமியன் ராப்சடி'யை 7 வயதுத் தம்பியும் பார்க்க அடம்பிடிக்கிறான்!
– வாசகி, ஈரோடு

அவனுக்குப் படம் வேண்டாம், கச்சேரி போதும். 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி அரங்கில் குவீன் வாசித்த சுமார் 20 நிமிடம் அப்படியே பதிவாகிக் கிடைக்கிறது. படத்தின் முடிவில் நடித்துக் காட்டியிருப்பதும் இதைத்தான். ஃப்ரெடி 'ஏ... ஓ...' என்று இழுக்க, சுமார் 72,000 பேர் திருப்பிப் பாடும் இடம் வரும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.