திறமூல மென்பொருளை நம்பி அலுவலகத்தை நடத்தலாமா?

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கிறோம். செலவு மிச்சம் என்கிறார் ஒருவர். மூல நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் ஆபத்து என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பழைய கோப்புகளைச் சரிபார்க்கவும், ஊழியர்களைப் பழக்கவும், சிக்கல் வந்தால் தீர்க்கவும் ஆகும் நேரமும் செலவுதான் என்பதால், கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு மாறாதீர்கள். உங்கள் கோப்புகள் ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்காமல் இருப்பதையே பெரிய ஆதாயமாக நான் கருதுகிறேன். ஓப்பன் ஆபீஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, அதன் போக்கில் நம்பிக்கை இழந்த நிரலாளர்கள் அதே மூல நிரலைக் கொண்டு 2010இல் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். பயனர்களும் தங்கள் கோப்புகளுடன் அதற்கு மாறிக்கொள்ள முடிந்தது. மூடிய மென்பொருளில் இப்படி ஒரு வழி கிடைப்பது அரிது.

நிரல் திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு குறைந்துவிடாது. அதேபோல், திறந்திருப்பதாலேயே யாராவது அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்றும் இருந்துவிடக் கூடாது. இணையத்தில் போகும் தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை, 2014இல் வெளிச்சத்துக்கு வரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2024இல் நடந்ததோ இன்னும் கவலைக்குரியது. தன்னார்வலர் ஒருவர் ஏறத்தாழத் தனியாளாகப் பராமரித்துவந்த எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவியில், நெடுநாள் பங்களித்து நம்பிக்கையைப் பெற்ற வேறொருவர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைய உதவும் ரகசியப் பின்வாசல் வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர், காரணத்தைத் தேடிப்போய் அதைக் கண்டுபிடித்தார். நிரல் அவர் கைக்கு எட்டும்படி இருந்தது பலம்; அத்தனை பேர் நம்பியிருந்த கருவியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது பலவீனம். ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவும் முன், அண்மையில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா, பராமரிப்பவர்கள் பலர் இருக்கிறார்களா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸைப் பொறுத்தவரை இரண்டுக்கும் குறையில்லை.

உங்களுக்குத் தொல்லை வருவதென்றால் பெரும்பாலும் எக்ஸெல் மேக்ரோக்களால்தான், அதாவது கணக்குக் கோப்புகளில் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைத்த சிறு நிரல்களால்தான் வரும். உங்களிடம் உள்ள மிகச் சிக்கலான கணக்குக் கோப்பைத் திறந்து, மேக்ரோக்களை ஒவ்வொன்றாக இயக்கி, விடைகளைப் பழைய மென்பொருளின் விடைகளோடு ஒப்பிடுங்கள். கடிதங்களில் எழுத்துரு மாறினால் பக்க அமைப்பு குலையும். காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக, எழுத்துகள் அதே அகல அளவுகளில் உள்ள கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் பெருமளவு சரியாகிவிடும். கடிதங்களை முதலில் மாற்றுங்கள். மேக்ரோக்கள் ஒத்துவராவிட்டால், கணக்குக்கு மட்டும் ஒரு கணினியில் பழைய மென்பொருளே இருக்கட்டும்.